மேலாண்ட

2006இல் ஆரம்பாக்கத்துச் சுகிர்தா கும்மிடிப்பூண்டியில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஓவியம் இல்லை, பம்பை எப்படிப் பிரிப்பது, எப்படி மாட்டுவது என்று வாங்குகிறவர்களுக்குக் காட்டும் கையேட்டுப் படங்கள். கம்ப்யூட்டரில் டாப், லெஃப்ட், ரைட் என்று மூன்று தளங்கள். டாப்பை அமுக்கினால் அச்சுகள் சாய்ந்துகொள்ளும், போடுகிற வட்டம் தட்டையாகி மூடியின் மேல் படுத்துக்கொள்ளும். லெஃப்ட்டை அமுக்கினால் அதே வட்டம் பக்கச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். வட்டத்தை இப்படிச் சொன்னபடி கேட்க வைப்பதில் அவளுக்குத் தனி கர்வம். வீட்டில் யாரும் அவள் சொன்னபடி கேட்டதில்லை, பாவம்.

இந்தக் கையேடு ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் நூர் அகமது சொல்லியிருந்தார். கடைசிப் படத்தில் ஆயில் ஊற்றும் வாய் மட்டும் பாக்கி. பம்பு பூட்டும் ஷெட்டுக்குப் போன் போட்டாள். எடுத்தவர் ஃபிட்டர் தணிகாசலம், கான்ட்ராக்ட் ஆள்.

“அண்ணா, ஆயில் ஊத்துற வாயி எங்க இருக்குது?”

“மேலாண்டமா.”

மேலாண்ட வீடு என்றால் மேற்குப் பக்கத்து வீடு என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவள்தான். எதிரே திரையில் டாப் தளம் திறந்திருக்கும்போது புத்தி வேறு எங்கே போகும்? மூடியின் மேல் அழகாக ஒரு வாய் வரைந்தாள். நூர் அகமது பார்த்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

பிரிண்ட்டைக் காட்டலாம் என்று பெருமையோடு ஷெட்டுக்குப் போனாள். பம்பின் மூடி வழவழவென்று இருந்தது. வாய் பக்கவாட்டில், மேற்குச் சுவரைப் பார்த்தபடி இருந்தது. பிரிண்ட்டைத் தணிகாசலத்திடம் நீட்டினாள்.

“மேலாண்டன்னுதானேமா சொன்னேன்” என்றார் தணிகாசலம்.

“ஆமாண்ணா. லாரில ஏத்திக்கினு போய் வேற ஊர்ல திருப்பி வெச்சா மேலாண்ட எதுண்ணா?”

அவர் பம்பைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். “அட, ஆமா” என்றார்.

நேராக நூர் அகமதுவிடம் போய்ப் படம் தப்பு என்றாள்.

“இன்னாமா பேஜாரு இது, அச்சுக்குப் போற நேரத்துல. வாயி மேல இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?”

தணிகாசலம் என்று சொன்னால் போதும், தப்பு ஷெட்டுக்குப் போய்விடும். கான்ட்ராக்ட் ஆளைக் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். பேர் நாக்கு நுனி வரை வந்தது.

“யாரும் சொல்லல சார். நானே போட்டுக்கினேன்.”

“அப்ப நிரந்தரம் பண்றதுக்கு இன்னும் ஆறு மாசம் போவட்டும். பாக்கலாம்.”

இருக்கைக்குத் திரும்பியபோது அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் படத்தைத் திருத்தினாள்.

மறுநாள் காலை கேட்டுக்குள் நுழையும்போது தணிகாசலம் எதிரே வந்தார். “இன்னாமா, வாயி எடத்துக்கு வந்துச்சா?” என்று சிரித்தார்.

“வந்துடுச்சுண்ணா” என்றாள்.