ஆளுக்கு ஒரு கல்

எனக்கு வாய் நீளம் என்று மாமியார் சொல்வார், புருஷன் சொல்வான். நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. கன்னையா அண்ணன் விஷயத்தில்தான் ஒத்துக்கொண்டேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சந்திரகிரிக் கோட்டைக்குப் பின்னால் மலையேறும் பழைய குதிரைப் பாதை ஒன்று உண்டு. ராஜா காலத்தில் குதிரைகள் போன வழியாம். அப்புறம் விறகுக்காரர்களும் சீத்தாப்பழம் பறிப்பவர்களும்தான் போனார்கள். படிகள் பெயர்ந்து, முள் மண்டி, பாதி இடத்தில் பாதையே காணோம். மலையேற வருகிறவர்களுக்கும் குதிரைச் சவாரிக்காரர்களுக்கும் அதைச் சரிசெய்து விடப்போகிறோம் என்று, போன தை மாதம் முப்பது பேரை வேலைக்கு எடுத்தார்கள். நான் வெதுருகுப்பத்திலிருந்து வந்து கல் சுமந்தேன். கன்னையா அண்ணன் கல் பாவினார்.

அவருடைய அப்பா கரும்பு வெட்ட வந்து மலையடியிலேயே தங்கிவிட்டவர். ஒரு சாண் நிலம் கிடையாது. வெகுகாலம் கழித்து இவர் பேருக்கு முக்கால் ஏக்கர் பட்டா கிடைத்தது. அதிலும் மண்ணைவிடக் கல்தான் அதிகம். அந்தக் கல்லைப் பொறுக்கி வரப்பு கட்டியே கை பழகினார். சிமெண்ட் இல்லாமல் கல்லுக்குக் கல் முட்டுக்கொடுத்து அடுக்குவார். நான் ஏறிக் குதித்துப் பார்த்திருக்கிறேன், அசையாது.

மூன்றாவது திருப்பத்தில், பாதை ஓரமாக, முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்குவியல் இருந்தது. தினமும் காலையில் அதன்மேல் ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். எனக்குப் பொறுக்குமா?

"இன்னாண்ணா இது, சாமியா?"

"சுந்தரம்மா," என்றார்.

அவர் பெண்சாதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில், பழக்கூடையோடு இறங்கும்போது பெயர்ந்த படி காலை வாரிவிட்டது. இவர் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. வழியில் ஒருவர் செத்தால் அந்த இடத்தில் போகிறவர் வருகிறவர் கல் போட்டுவிட்டுப் போவது அவர்கள் பக்கத்து வழக்கம். ஏரிக்கரையில்தான் புதைத்தார்கள். பிற்பாடு வந்த ஒரு வெள்ளம் கரையையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

"இந்தக் குவியல்தாம்மா மிச்சம். வேற ஒண்ணும் இல்ல. இத்த எடுத்துடப் போறாங்களேன்னுதான் நானே இந்த வேலைக்கு வந்தேன். சூப்பர்வைசரும் 'ஓரமா கீது, இருக்கட்டும்'னு சொல்லிட்டாரு. நீ யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

நானாவது சொல்லாமல் இருப்பதாவது! மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது முப்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. "ஆளுக்கு ஒரு கல்லு போடுங்கப்பா, புண்ணியமாப் போவும்" என்றும் சொல்லிவைத்தேன். நல்லதுதான் நினைத்தேன், சத்தியமாக. ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று எல்லாரும் போட்டார்கள். கழுதைமேல் மணல் ஏற்றிவரும் இஸ்மாயில் பாய்கூடப் போட்டார். கன்னையா அண்ணன் முதல் நாள் அதைப் பார்த்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்ளோ பேரு இருக்காங்களா அவளுக்கு" என்றார்.

ஆனி மாதத்தில் குவியல் மார்பு உயரம் வந்துவிட்டது. அடி அகன்று பாதி வழியை அடைத்தது. அவர்தான் முதலில் கவனித்தார்.

"போதும்மா. வழியில வருது பாரு."

"அட போங்கண்ணா! செத்தவங்களுக்குப் போடறத பாதியில நிறுத்துவாங்களா?" என்று அவர் வாயை அடைத்தேன். பாவி நான்.

ஆடியில் இரண்டு குதிரைகளை விட்டுப் பார்த்தார்கள். முதல் குதிரை திருப்பத்தில் திரும்பியது. எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போலக் குவியல். மிரண்டு பின்வாங்கியதில் பின்கால் விளிம்பைத் தாண்டிச் சரிந்தது. குதிரை எப்படியோ தப்பியது, சவாரி வந்த பையனுக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்று சாயங்காலமே மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எட்டு அடி அகலத்தில் ஒரு தடங்கலும் இருக்கக் கூடாது.

சூப்பர்வைசர் நாகேந்திரன் கெட்டவர் இல்லை. "ஏமீ சேயலேனு கன்னையா, ஒண்ணும் செய்ய முடியாது, என் கையில இல்ல" என்றார். "சின்னதா இருந்தப்போ யார் கண்ணுக்கும் படல. இப்ப போட்டோ எடுத்து மேல அனுப்பிட்டாங்க."

"முதல்ல இருந்த அளவு மட்டும் விட்டுடுங்க சார். முழங்கால் அளவு. ஓரமாத்தான் கீது."

நாகேந்திரன் எங்கள் எதிரிலேயே போன் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். ஒரு கல்கூட இருக்கக் கூடாதாம்.

"அப்படின்னா வேற யாரும் தொட வேணாம்," என்றார் கன்னையா அண்ணன். "நானே எடுத்துடறேன்."

இரண்டு நாள் எடுத்தார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். அடி நெருங்க நெருங்கக் கை மெதுவானது. ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் செத்த அன்றைக்கு அவர் வைத்த முதல் கல்லைத் தேடுகிறார் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அதையாவது வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்திருப்பார். நாங்கள் போட்டவை சரிந்து உருண்டு எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடந்தன.

"தெரியலம்மா," என்றார் கடைசியில். "எல்லாம் ஒரே மாதிரி கீது."

அந்தக் கல்லையெல்லாம் அவள் இடறி விழுந்த படிக்கே போட்டுப் பாவினார். அந்தப் பாதையில் அதைவிடக் கெட்டியான படி வேறு இல்லை.

திறப்பு விழாவுக்கு மாலை போட்ட குதிரைகள் வந்தன. செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஏறினார்கள். மூன்றாவது திருப்பத்தில் நின்று காற்று நன்றாக வருகிறது என்றார்கள். கற்களைக் குவிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள்.

கணக்கு முடித்து அனுப்பிய அன்று நானும் அவரும் சேர்ந்து இறங்கினோம். திருப்பம் வந்ததும், பழகிய கை, குனிந்து ஒரு கல்லை எடுத்துவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபம் இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேணாம் மல்லிகா," என்றார். "நீங்கள்லாம் போட்டது போதும்."

அவர் முன்னால் இறங்கிப் போனார். அந்தக் கல்லை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் ஏறும்வரை கையிலேயே இருந்தது.