வரப்பில் வாள்வீச்சு

கொட்டாரத்துப் பக்கம் எங்கள் கூலிக்குடியில் பிறந்த ஞானதாசன் 1948-இல் பட்டாளத்திலிருந்து திரும்பியபோது, அவர் தகரப்பெட்டியில் இரண்டு பந்தய வாள்கள் இருந்தன. நுனியில் குமிழ் வைத்தவை. குத்தினாலும் உயிர் போகாது. வெள்ளைக்கார அதிகாரிகளோடு மோதிப் பரிசு வாங்கியவர். வயது இருபத்தாறு, மூக்கின்மேல் கோபம்.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடம் அவரை டிரில் மாஸ்டராக வைத்துக்கொண்டது. அங்கே மாணவர்களுக்கு வாள்வீச்சும் சொல்லிக்கொடுத்தார். எங்கள் குடிப் பிள்ளைகளும் சாயங்காலம் பள்ளி மண்டபத்தில் வாள்வீச்சு படிக்கட்டும் என்று கேட்டார். மானேஜர் சிரித்தார்.

"அறுப்பறுக்கவனுக்கு எதுக்குவே வாளு? அருவா இருக்குல்லா."

 

ஞானதாசன் விடவில்லை. ஆண்டுவிழாவில் ஒரு பந்தயம், எங்களில் ஒருவன் பள்ளி மாணவனை ஜெயித்தால் மண்டபம் எங்களுக்கும் என்று மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கினார். பன்னிரண்டு பேர் மாவுச் சல்லடையை முகத்தில் கட்டிக்கொண்டு களத்துமேட்டில் ஆறு மாதம் பழகினோம். பந்தயத்துக்குப் போனவன் ரசலையன். பதினெட்டு வயது, கை வீச்சு கண்ணுக்குத் தெரியாது.

எதிரே நின்றவன் பகவதியப்பன், நாங்கள் கூலிக்கு உழைத்த வயலின் பண்ணையார் மகன். தரையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு, நடுவில் ஒடுங்கிய தடம். வாள் நுனி எதிராளி மேல் பட்டால் ஒரு புள்ளி. பக்கவாட்டில் கோட்டைத் தாண்டினாலும் எதிராளிக்கு ஒரு புள்ளி. மூன்று எடுத்தால் ஜெயம். ரசலையன் முதலிலேயே இரண்டு எடுத்துவிட்டான். அப்புறம் பகவதியப்பன் நிமிர்ந்து நேரே நடந்து வந்தான். ரசலையனின் கால் தானாகக் கோட்டுக்கு வெளியே ஒதுங்கியது. மூன்று தடவையும் அப்படித்தான். சபை முழுக்கச் சிரிப்பு.

பண்ணையார் வீட்டார் வரப்பில் வந்தால் நாங்கள் சேற்றில் இறங்கி நிற்கவேண்டும். நடை பழகும்போதே காலுக்கு ஏற்றிய பாடம் அது. ஏற்றியவன் எவனோ, அவன் நாசமாய்ப் போகட்டும்.

ஞானதாசன் ரசலையனைத் திட்டவில்லை. மறுநாளே பயிற்சியை வரப்புக்கு மாற்றினார்.

"சறுக்கி விழுந்தா ஏறிக்கோ மக்கா. ஒதுங்கி மட்டும் எறங்காத."

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் பகவதியப்பன் அந்த வரப்பில் எதிரே வந்தான். ரசலையன் வாளைத் தாழ்த்தினான், நகரவில்லை. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த அவன் அப்பா ஞானையன், இறங்கிவிடு என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சினார். அவன் அசையவில்லை. பகவதியப்பன் முறைத்துப் பார்த்துவிட்டு, செருப்போடு சேற்றில் இறங்கிப் போனான்.

அந்த வாரமே ஞானதாசனின் வேலையைப் பறித்தார்கள். ஞானையனையும் வயலுக்கு வரவேண்டாம் என்றார்கள். 1956-இல் ஜில்லாவே திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேர்ந்தது. அந்த மண்டபம் மட்டும் எங்களுக்குத் திறக்கவில்லை. 

வேலை போன மறுநாளும் நாங்கள் அதே வரப்பில்தான் நின்றோம். ஞானையன் விறுவிறுவென்று வந்தார். மகனை அடிக்கப்போகிறார் என்று நினைத்தோம். அவர் வரப்பில் ஏறி, மகன் பக்கத்தில் நின்று, ஞானதாசனிடம் கேட்டார்.

"ஒதுங்கப்பிடாதுன்னா காலை எங்க வைக்கணும் தம்பி?"