அக்காவுக்கு விழாத ஓட்டு

எங்கள் வாக்குச்சாவடி மெஷினில் அக்காவுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றவள். அவளுடைய ஓட்டும் அதே மெஷினில்தான். எண்ணிச் சொன்னதும் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கு ஏஜென்டாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை.

திருவேற்காட்டில், கூவம் ஓரத்தில் எங்கள் வீடுகள். அக்கா பக்கத்து வீடு. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போவாள். எங்களுக்குப் பட்டா கேட்க எவனுக்கும் வாய் இல்லை என்றுதான் தேர்தலில் நின்றாள். ஆனால் எதிரே நின்ற பெரிய கட்சிக்காரர்கள் இரண்டு பேரில் ஒருவன், எங்களைக் காலி செய்து அங்கே பூங்கா கட்டுவதாகப் பக்கத்து அடுக்குமாடிக்காரர்களிடம் சொல்லிவிட்டான். இன்னொருவன், வீட்டுமேல் கைவைக்க விடமாட்டேன் என்றான். அக்கா வாபஸ் வாங்கும் நாளும் தாண்டிவிட்டது. ஓட்டுக்கு முந்தின நாள் தண்ணீர் லாரி அருகே குடத்தை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “எனுக்குக் குத்திட்டு ஊடு இல்லாம நிக்காதீங்க. இடிக்கிறவன் வரக்கூடாது, அவ்ளோதான். இன்னொருத்தனுக்கே குத்துங்க. நானும் அவனுக்குதான்.”

“இன்னாக்கா, நின்னது நீ, ஓட்டு அவனுக்கா?” என்று கத்தினேன்.

“கம்முனு போய்க் குத்து நைனா.”

அடுக்குமாடிகளுக்கு வேறு வாக்குச்சாவடி. அங்கே கொஞ்சம் பேர் அக்காவுக்குத்தான் போட்டார்கள். முடிவு வந்த மறுநாள் அவர்களில் ஒருவர் கேட்டார்: “உங்க ஆளுங்களே போடலியேம்மா? நாங்க மனசாட்சிப்படி போட்டோம்.”

அக்கா சிரித்தாள். “யாரு ஜெயிச்சாலும் உங்க ஊடு அங்கியே கீது சார்.”

மசூதித் தெருவிலும் எங்கள் கதைதான். பிடித்தவன் யார் என்று அவர்கள் பார்க்கவில்லை; வரக்கூடாதவன் யார் என்று பார்த்தார்கள். இதைத்தான் யோசிக்காமல் மொத்தமாகப் போடுகிறார்கள் என்று பேசுகிறார்கள். யோசிக்காமலா? ராத்திரித் தூக்கம் கெட்டு யோசித்தோம். பிடித்தவருக்குப் போட மனசாட்சி போதாது. இடிபடாத வீடு வேண்டும்.

நாங்கள் போட்டவன் ஜெயித்தான். புல்டோசர் வந்த அன்று அவன் போனை எடுக்கவில்லை. அக்காவை எங்கோ தொலைவில் ஒரு குடியிருப்பில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கேயே காய்ச்சலில் செத்தாள்.

நான் இப்போது திருமுல்லைவாயிலில், மகள் வாங்கிய ஃபிளாட்டில் இருக்கிறேன். யார் வந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. போன தேர்தலில்தான் முதல்முறையாகப் பிடித்தவருக்குப் போடலாம் என்று போனேன். மெஷினில் பெயர்களை மேலிருந்து கீழே படித்தேன். மறுபடி படித்தேன்.

“யாரையாவது அமுக்கிட்டு வாங்க சார்,” என்றார் அதிகாரி.