அண்ணன் மகள் சாப்பிடாத கத்லி

பழைய டெல்லியின் காரி பாவ்லிச் சந்தையில், முந்திரி மூட்டைக்கும் பாதாம் மூட்டைக்கும் நடுவில் நின்றிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. பக்கத்து மூட்டையில் தோல் நீக்கிய தர்பூசணி விதை வெள்ளை வெளேரென்று கிடந்தது. "அண்ணே, இத அரைச்சு கத்லி போட்டா பாப்பாவும் சாப்பிடலாம்லா?" என்றேன். அண்ணன் கடைக்காரரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்திரி அள்ளிய அதே கரண்டி விதை மூட்டைக்குள் இறங்கியது. என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இங்க வாங்கக் கூடாது" என்று மெட்ரோவில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

அண்ணன் பிறந்தது பாளையங்கோட்டையில். அப்பாவுக்கு மத்திய அரசில் எழுத்தர் வேலை கிடைத்ததும் கைக்குழந்தையாக டெல்லி வந்தார். மந்திர் மார்க் பள்ளியில் தமிழ்வழிப் படிப்பு, பிறகு வங்கி வேலை, ஜனக்புரி வீடு. அப்பா மறைந்தபோது நான் பள்ளி மாணவி. என்னைப் பொறியியல் படிக்க வைத்து, நொய்டாவில் வேலைக்கு அனுப்பியவர் அண்ணன்தான்.

நினைவு மலர்க் கட்டுரைகளில் மறைந்தவரின் துணிச்சலைப் புகழ்வார்கள். என் அண்ணன் பயந்த சுபாவம். லிஃப்ட், மின்னல், குக்கர் விசில், எல்லாவற்றுக்கும் பயம். பயப்படாமல் அவர் நின்ற ஒரே இடம் சர்க்கரைப் பாகின் முன்னால். முந்திரியை மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுவார். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கிவிடும். பாகு ஒரு கம்பிப் பதம் வந்ததும் பொடியைக் கொட்டிக் கிளறி, சூட்டோடு நெய் தொட்டுப் பிசைந்து, தேய்த்து, வெட்டுவார். தீபாவளிக்கு அவருடைய காஜு கத்லி வராத உறவினர் வீடு டெல்லியில் இல்லை.

மகளின் முதல் தீபாவளியன்று அந்தக் கத்லியில் ஒரு துளியை அவரே அவள் நாக்கில் வைத்தார். ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் பிள்ளையின் உதடு வீங்கிக்கொண்டே போனது. முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் அவளுக்கு ஆகாது என்றார்கள். மறுபடி நேர்ந்தால் மூச்சே அடைபடலாம் என்றார்கள்.

அதன்பிறகு ஜனக்புரி வீட்டுக்குள் முந்திரி நுழையவில்லை. கத்லியை நொய்டாவில் என் வாடகை வீட்டில் வந்து செய்தார். முடித்ததும் அங்கேயே குளித்து, வேறு சட்டை மாற்றிக்கொண்டு ப்ளூ லைன் மெட்ரோவில் திரும்புவார். வீட்டுக்குப் போய் இன்னொரு முறை குளிப்பார். "கத்லி செஞ்சிட்டு வாரீங்களா, கேத வீட்டுக்குப் போயிட்டு வாரீங்களா?" என்று மதினி கேட்பார். அண்ணன் சிரிக்க மாட்டார். வாசல் ஆணியில் ஒரு சின்னப் பை தொங்கும். அதில் அவசரத்துக்குப் போடும் ஊசி மருந்து. பாப்பா எங்கே போனாலும் பையும் போகும். கின்னு ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்தி எனக்கும் ஊசி போடப் பழக்கினார்.

காரி பாவ்லி போய்வந்த அடுத்த கோடையில் வீட்டில் வெட்டிய தர்பூசணி ஒன்றின் விதையையும் அவர் குப்பையில் போகவிடவில்லை. கழுவி, பால்கனியில் உலர்த்தி, நகவெட்டியால் ஓடு பிளந்து பருப்பை எடுத்தார். அதில் கொஞ்சத்தை மருத்துவரிடம் கொண்டுபோய், அவர் கண்ணெதிரிலேயே பாப்பாவுக்குக் கொடுக்கச் செய்து, அவள் "அப்பா, போர் அடிக்குது, கர் ஜானா ஹை" என்று வீட்டுக்குப் போகச் சொல்லி அழும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. மீதியைப் பாட்டிலில் போட்டு, தீபாவளிக்கு என்று ஃப்ரீஸரில் வைத்தார்.

தீபாவளிக்குச் சில வாரம் இருக்கையில், அலுவலகம் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பதினாறாம் நாள் விருந்தில் பாயசம் இருந்தது. முந்திரி வேண்டாமென்று சமையல்காரரிடம் சொல்ல வேண்டியவர் படத்துக்குள் இருந்தார். எங்கள் பெரியம்மா ஆசையாகப் பாப்பாவுக்கு ஊட்டியிருக்கிறார். "அத்தை, தொண்டைக்குள்ள அரிக்குது" என்று அவள் என்னிடம் வந்தபோது குரல் மாறியிருந்தது. "முந்திரிய எல்லாம் பொறுக்கிட்டுத்தானட்டி குடுத்தேன்" என்று பெரியம்மா பின்னாலேயே ஓடிவந்தார். பொறுக்கிவிட்டால் போய்விட்டது என்றுதான் நம்மில் யாரும் நினைப்போம். முந்திரி வறுத்த நெய் பாயசம் முழுக்கக் கலந்திருந்தது. நான் ஆணிக்கு ஓடினேன். கின்னுப் பழம் அசையாது; அவள் கால் உதறியது. மதினி இறுக்கிப் பிடித்துக்கொள்ள, குத்தினேன். மருத்துவமனை போய்ச் சேரும்வரை அவள் மூச்சு வரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிழைத்தாள்.

இதை எழுதலாமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "எழுதுட்டி. என்னையும் சேத்தே எழுது. இன்னொரு கெழவி பொறுக்கிக் குடுத்திரக் கூடாது" என்றார். அவருக்கு என் முதல் நன்றி. அன்று காரை வாசலுக்குக் கொண்டுவந்த கீழ்வீட்டு அங்கிளுக்கும், இந்த ஒரு வருடம் மதினியைத் தனியாக விடாத வங்கி நண்பர்களுக்கும், விதையைச் சோதித்துத் தந்த மருத்துவருக்கும் கைகூப்புகிறோம். திவசத்துக்கு வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள்: இனிப்பு எதுவும் கொண்டுவராதீர்கள். வெறும் கையோடு வாருங்கள்.

துக்க வருடம் என்பதால் எங்கள் அடுப்பில் இனிப்பு ஏறவில்லை. பாட்டில் ஃப்ரீஸரில் அப்படியே இருக்கிறது. ஒரு விதையைக் கடித்துப் பார்த்தேன், காறல் இல்லை. "அப்பா கத்லி எப்படி இருக்கும் அத்தை?" என்று பாப்பா கேட்கிறாள். இந்த மலரை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அதற்குப் பதில் சொல்ல முடியும். அவளால் முடியாது.

திவசம் முடிந்த மறுநாள் செய்யப்போகிறேன். புது வாணலி, புது மிக்ஸி ஜார் வாங்கிவிட்டேன். நான் இதுவரை பாகு காய்ச்சியதில்லை. பதம் தாண்டினால் எல்லாம் பொடிந்துவிடும். அண்ணன் உரித்த விதை வேறு கிடையாது. மருத்துவர் தைரியம் சொல்லியும் எனக்கு இப்போதே கை சில்லிடுகிறது. ஊசிப் பையை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டுதான் முதல் துண்டைக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, அண்ணன் உட்கார்ந்திருந்ததுபோல, அவள் போர் அடிக்கிறது என்று அழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.