பல்லுக்காரரின் சிங்கிள்

தெருவில் அவரைப் பல்லுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்கிய இடத்தில் வைக்கப் பல்செட் செய்கிறவர். ஊரில் பாதிப் பேர் தான் செய்த பல்லால்தான் சிரிக்கிறார்கள், மீதிப் பேரும் சீக்கிரம் வந்து சேருவார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் மனைவி டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கார், ஸ்கூட்டர், பைக் எதுவானாலும் சரி. தெருவுக்கே அவர் மாஸ்டர். பல்லுக்காரரும் வீட்டில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் நின்றுகொண்டிருந்தது. ஒற்றை சிலிண்டர் வண்டி, பல்லுக்காரர் பாஷையில் சிங்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. ஒரு காலத்தில் இருவரும் அதில் சுற்றாத இடம் கிடையாது. பிறகு ஒருநாள் நின்றது, நின்றது நின்றதுதான். ஹாண்டில்பாரில் ஈரத் துண்டு காய்ந்தது. டாங்க் மேல் வெங்காயக் கூடை ஏறி உட்கார்ந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மாஸ்டரின் தங்கை வரும்போதெல்லாம் அதைப் பார்த்துச் சிரிப்பாள்.

"இது ஓடினா சொல்லுங்க அத்தான். நான் வாசல்ல நின்னு கை தட்டறேன்."

மாஸ்டரும் ஒருநாள் கூடையை எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டார். "ஏங்க, இதை எடைக்குப் போட்டுடலாமா?"

பல்லுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எடைக்கா? நானே பிரிச்சு, நானே சேர்த்து ஓட்டிக் காட்டறேன் பாரு!"

"சரி, பின்ரூமை எடுத்துக்குங்க. ஆனா ஓடுச்சுன்னா முதல் சவாரி என்னை உட்கார வச்சுத்தான். என் தங்கச்சி வீடு வரைக்கும்."

அன்றிலிருந்து பின்ரூம் பட்டறையானது. பல்லுக்காரருக்குப் பொடி வேலை புதிதல்ல. அரை அரிசி அளவு மேடு இருந்தாலும் வாய்க்குள் உறுத்தும் என்று தெரிந்தவர், எஞ்சினையும் வாய் மாதிரியே பார்த்தார். சிலிண்டரை லேத்தில் கொடுத்துக் கடைந்து புது பிஸ்டன் போட்டார். பல்லுக்குப் பாலிஷ் போடும் மெஷினிலேயே எஞ்சின் மூடிகளைக் கொடுத்து முகம் தெரிகிற அளவுக்கு மின்னவைத்தார். பேரிங் சுலபமாக இறங்க வேண்டும் என்று அதை ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்தோடு படுக்கவைத்தார். நட்டு போல்ட்டெல்லாம் பல்செட் டப்பாக்களில் குடியேறின. ஒரு தடவை டப்பா மாறிப்போய், பல்செட் செய்யச் சொல்லியிருந்த பல் டாக்டர் ஆசையாகத் திறந்து பார்த்தால் உள்ளே கார்புரேட்டர் ஸ்குரூ. பல்லுக்குக் காத்திருந்தவர் அன்றைக்கும் கஞ்சிதான் குடித்தார்.

வண்டியைப் பழைய உருவிலேயே விட அவருக்கு மனசில்லை. பின்பக்க மட்கார்டை வெட்டிச் சுருக்கினார், ஹாண்டிலைத் தாழ்த்தினார், மூட்டை மாதிரி இருந்த சைலன்சரைத் தூக்கிப்போட்டு ஒல்லியாக ஒன்று மாட்டினார். டாங்குக்கு என்ன நிறம் என்று கேட்டதற்கு மாஸ்டர், "எதுவானாலும் சரி, மஞ்சள் மட்டும் வேணாம். பகல் பூரா ஸ்கூல் வண்டில அதைத்தான் பார்க்கறேன்" என்றார். பல்லுக்காரர் கரும்பச்சை அடித்தார்.

பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் கம்பியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வெட்டி, கொஞ்சம் இறக்கிப் பற்றவைத்தார். நாள் முழுக்கப் பயிற்சிக் காரில் பிரேக்கை மிதித்து மிதித்து மாஸ்டருக்கு முழங்கால் வலி. பின்சீட்டில் காலை ரொம்ப மடக்கி உட்கார முடியாது.

கிக்கர் உதைக்கும் வேலையும் மாஸ்டருடையதுதான். முழங்காலுக்கு ஆகாதே என்று பல்லுக்காரர் தடுத்துப் பார்த்தார். "வலி இடது கால்ல இல்லையே, அதால உதைச்சுக்கறேன்" என்று மாஸ்டர் பக்கத்தில் நின்றபடி இடது காலாலேயே பழகிக்கொண்டார். பிஸ்டன் மேலே வந்து முட்டுமிடத்தில் நிறுத்தி, கொஞ்சம் தாண்டவிட்டு, அப்புறம் ஒரே மிதி. பல்லுக்காரர் குனிந்து கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வண்டி இருமியது, தும்மியது, பிறகு தடக் தடக் என்று பிடித்துக்கொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல்லுக்காரருக்கு வாயெல்லாம் பல். அத்தனையும் சொந்தப் பல்.

"கேட்டியா? கேட்டியா? சிங்கிள்! ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழுது பாரு!"

கொஞ்ச நாளாகவே அவர் வாயில் வேறு வார்த்தை கிடையாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிங்கிள், சிங்கிள். கடைசியில் அந்த வார்த்தைதான் அவரைக் கவிழ்த்தது.

மறுநாள் ஞாயிறு. தங்கைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியாகிவிட்டது. மாஸ்டர் நல்ல சுடிதாராகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஹெல்மெட்டையும் துடைத்து வைத்திருந்தார். தைக்கக் கொடுத்திருந்த வண்டி சீட்டு ஒன்றுதான் பாக்கி. சீட்டுக்கடைக்காரர் காலையிலேயே துணியில் சுற்றிக் கொண்டுவந்து, தானே முடுக்கி மாட்டிவிட்டு, பெருமையாகத் தள்ளி நின்றார்.

பழுப்புத் தோல், வரிவரியாகத் தையல். கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் ஒரு ஆள் உட்காரத்தான் இடமிருந்தது. அதற்குப் பின்னால் வெறும் மட்கார்டு.

"யோவ், மீதி எங்கய்யா?" என்றார் பல்லுக்காரர்.

"மீதியா? ஃபோன்ல கேட்டனே சார், சிங்கிளா டபுளான்னு. நீங்கதான சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'சிங்கிள்தான்! டபுள் எல்லாம் நமக்கு எதுக்கு? சிங்கிள்ல இருக்கிற சுகம் டபுள்ல வருமா?'ன்னு சிரிச்சீங்களே."

பல்லுக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். சொன்னது உண்மைதான். பாலிஷ் மெஷின் இரைச்சலில், எஞ்சினைத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சொன்னது. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஹெல்மெட்டோடு மாஸ்டர். எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது.

"சுகமா? இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார் மாஸ்டர்.

சீட்டுக்கடைக்காரர், "புதுசா தைக்க ஒரு வாரம் ஆகும் சார்" என்று சொல்லிவிட்டு, குடும்ப விஷயம் என்று நழுவினார். பல்லுக்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்த ஒரு சவாரிக்காகத்தானே இவ்வளவும்? பின்ரூமைக் கொடுத்தவள், பட்டாணிக்குப் பக்கத்தில் பேரிங்கைப் பார்த்தும் திட்டாதவள், உட்காரத்தான் இடமில்லை.

"சத்தியமா நான் எஞ்சினைத்தான் சொன்னேன். பழைய தலையணையை வச்சுக் கட்டிடட்டுமா? இல்ல, உன் ஸ்கூட்டர்லயே போயிடலாமா?"

மாஸ்டர் தன் ஹெல்மெட்டைப் படியில் வைத்தார். வண்டியைச் சுற்றி வந்தார், சோதனைக்கு வந்த பிள்ளையின் வண்டியைச் சுற்றுகிற மாதிரி. பின்பக்கம் வந்ததும் குனிந்தார்.

"இந்தக் கம்பி கீழ இறங்கியிருக்கே. முன்னாடி இப்படி இல்லையே?"

"உனக்குத்தான். முழங்கால் மடங்காதேன்னு…" பல்லுக்காரர் அசடு வழிந்தார்.

மாஸ்டர் அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. பிறகு கையை நீட்டினார்.

"சாவி."

"எதுக்கு?"

"முதல் சவாரி எனக்குன்னு பேச்சா இல்லையா? நீங்க என் ஸ்கூட்டர்ல வாங்க."

பல்லுக்காரரின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஸ்டாண்டைத் தள்ளி, பிஸ்டன் முட்டுமிடத்தைக் காலாலேயே தேடி, ஒரே மிதி. வண்டி எழுந்தது. ஊருக்கே கிளட்ச் விடக் கற்றுக்கொடுத்தவருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? தெருமுனையில் கை காட்டித் திரும்பினார். பல்லுக்காரர் மனைவியின் ஹெல்மெட்டைத் தலையில் அமுக்கிக்கொண்டு, சின்னச் சக்கர ஸ்கூட்டரில் பின்னாலேயே விரட்டினார்.

ஆற்றுப் பாலத்தில்தான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில் தன் வண்டி ஓடுவதை அவர் பார்த்ததே இல்லை. ஓட்டுகிறவருக்கு எங்கே தெரியும்? முன்னால் கரும்பச்சை டாங்க் வெயிலில் மினுங்கியது, சத்தம் கைப்பிடிச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, மாஸ்டர் முதுகை நிமிர்த்தி ராணி மாதிரி போய்க்கொண்டிருந்தார். எவ்வளவு அழகாக இருக்கிறது! வண்டியைச் சொல்கிறோமா ஆளைச் சொல்கிறோமா என்று அவருக்கே தெரியவில்லை. ஹெல்மெட்டுக்குள் சத்தம்போட்டுச் சிரித்தார்.

சத்தம் கேட்டே தங்கை வாசலுக்கு ஓடிவந்திருந்தாள். கை தட்டத் தூக்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா! நீ பின்னாடி உக்காந்து வருவேன்னுல்ல பார்த்தேன்? அத்தான் எங்க?"

"வர்றாரு, வர்றாரு" என்று மாஸ்டர் எஞ்சினை நிறுத்தினார். ஸ்கூட்டர் முக்கி முனகி வந்து சேர்ந்தது. தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஞாபகம் வந்து, சொன்ன வாக்குக்குக் கை தட்டினாள்.

பல்லுக்காரர் ஹெல்மெட்டைக் கழற்றி, மாஸ்டர் பக்கத்தில் வந்தார். "நாளைக்கே அந்த ஆளுகிட்ட டபுள் சீட்டு தைக்கச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க, சொல்லுங்க" என்றார் மாஸ்டர், சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டே. "கம்பியை இறக்கினதும் நல்லதாப் போச்சு. உங்களுக்குக் கால் நீளம்தான, பின்னாடி வசதியா இருக்கும்."