ராகு காலத்தில் எடுத்த டிக்கெட்

பிள்ளைகளே, உங்கள் அம்மா எப்படித் தனியாகப் பிளேனில் போனாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம், "அது பெரிய கதை" என்று சொல்லி நழுவிவிடுவேன். அந்தக் கதையில் நான் முட்டாளாக நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் நழுவினேன். இன்றைக்கு எழுதியே வைத்துவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

போன வருஷம் ஆவணி முதல் தேதி, சனிக்கிழமை காலை, வீராம்பட்டினத்தில் நம் வீட்டில் நடந்தது இது. நீங்கள் இரண்டு பேரும் டியூஷனுக்குப் போயிருந்தீர்கள்.

அதற்கு முந்தின ஐப்பசியில் இருந்து தொடங்கினால்தான் புரியும். அப்போது ஐதராபாத்தில் உங்கள் சித்திக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அங்கே பல காலமாகக் குடியிருக்கும் நம் ஊர்ப் பக்கத்துக் குடும்பம்தான். சித்தியை ஒரு வாரம் முன்னாலேயே அவர்கள் அழைத்துப் போய்விட்டார்கள். நாங்கள் முந்தின நாள் கிளம்பினோம். மழையில் ரயில் வழியில் எங்கேயோ நின்றுவிட்டது. நாங்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. உங்கள் சித்தி தாய் இல்லாத பெண். அவள் பக்கம் மேடையில் நிற்க ஒரு ஆள் இல்லை. மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி, "மீன் வித்து முடிச்சிட்டுதான் கிளம்பினீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். உங்கள் அம்மா பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது விழுப்புரம் வரை ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தாள்.

அன்றைக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். "அடுத்த விசேஷத்துக்கு உன்னைப் பிளேன்ல கூட்டிட்டுப் போறேன். முதல் ஆளா நீ நிப்ப." அடுத்த விசேஷம் என்றால் வளைகாப்புதான். தாய் இடத்தில் இருந்து முதல் வளையலைப் போடவேண்டியவள் அக்காவான உங்கள் அம்மாதான். அதையும் தவறவிட்டால் அவள் தன்னையே மன்னிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

ரயிலில் இரண்டு நாள் முன்னாலேயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பை நான் கேட்டேன். நீங்கள் கேட்கவில்லை.

பிளேனுக்குக் காசு எங்கே போவது? அப்போதுதான் கடற்கரைச் சாலைப் பக்கம் நான் மீன் போடுகிற ஓட்டலின் ஸ்டோர் பொறுப்பாளர் அந்த யோசனையைச் சொன்னார். என்னைவிட வயதில் சின்னவர், என்னை அண்ணே என்பார். ஒரு விமானக் கம்பெனியும் பேங்கும் சேர்ந்து கொடுக்கிற கார்டு அது. செலவு செய்யச் செய்யப் பாயிண்ட் சேரும். ஒரு அளவு சேர்ந்தால் டிக்கெட். "எப்படியும் டீசல் போடப்போறீங்க, ஐஸ் வாங்கப்போறீங்க. அதைக் கார்டுல பண்ணுங்க அண்ணே" என்றார். அவரே ஏதோ ஒரு பெரிய ஓட்டல் கம்பெனியின் பாயிண்டைச் சேர்த்துக்கொண்டு, கோவாவில் மூன்று ராத்திரி இலவசமாகத் தங்கப்போவதாகச் சொல்லித் திரிந்தவர்தான்.

கார்டு வாங்கினேன். டீசல், ஐஸ், வேன் டயர் எல்லாம் அதிலேதான். தடைக்காலம் வந்தது. கடலுக்குப் போகக்கூடாத அந்த இரண்டு மாசமும் எனக்கு வியாபாரம் படுத்துவிடும். ஆனால் போட்டுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதும் அப்போதுதான். நம் தெருவில் பெயிண்ட் வாங்குகிறவனிடமும் என்ஜின் சாமான் வாங்குகிறவனிடமும் போய், "என் கார்டுல போடு மாமா, காசை என்கிட்ட கொடு" என்று கேட்டேன். சிரித்தார்கள். ஆனாலும் போட்டார்கள். தெருவே சேர்ந்து உங்கள் அம்மாவைப் பிளேனில் ஏற்றப் புறப்பட்டது போல ஆகிவிட்டது. அவள் மீன் கூடையோடு போனால், "என்னாக்கா, றெக்கை மொளைச்சிடுச்சா?" என்று கேட்பார்கள். அவளும், "ஒரு பக்கம் மொளைச்சிடுச்சி, இன்னொரு பக்கம் உன் என்ஜின் ரிப்பேர்ல வரும்" என்பாள்.

ஆடி பிறக்கும்போது கணக்கு முடிந்துவிட்டது. ஒரு ஆளுக்கு ஒன்பதாயிரம் பாயிண்ட் என்று போட்டிருந்தது. இரண்டு பேருக்குப் பதினெட்டாயிரம். என்னிடம் அதற்கு மேலே கொஞ்சம் இருந்தது. போக மட்டும் போதும். வளைகாப்பு முடிந்து சித்தியைப் பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு அழைத்து வரும்போது மாப்பிள்ளையே ரயிலில் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். தேதியும் குறித்தாகிவிட்டது, ஆவணி மூன்றாவது வாரம். ஒரு பொத்தானை அமுக்கவேண்டியதுதான் பாக்கி.

நான் அமுக்கவில்லை.

ஆடி மாசம் என்றேன். வளைகாப்புக்கு என்று எடுக்கிற டிக்கெட்டும் ஒரு சுபகாரியம்தானே, அதை ஆடியில் தொடங்குவார்களா? ஆவணி ஒன்றாம் தேதி, குளித்து, விளக்கேற்றி, நல்ல நேரத்தில் எடுப்போம் என்றேன். உங்கள் அம்மா, "ஆடி இருந்தா இருந்துட்டுப் போவுது, இப்பவே எடுங்களேன்" என்றாள். ஊரில் தேர்த் திருவிழாவும் நெருங்கிவிட்டது. வெள்ளிக்கு வெள்ளி கூட்டம், உறவுக்காரர் வருகை. அந்த ஒரு மாசமும் நான் போனைக் கையில் எடுத்ததே மீன் விலை கேட்கத்தான். அந்த நாட்களில் கம்பெனியிடமிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் போனுக்கு வந்திருக்கிறது. தலைப்பில் நல்ல செய்தி என்று இருந்ததாம். பெரியவளே, உன்னிடம் காட்டியிருந்தால் நீ படித்துச் சொல்லியிருப்பாய். நான் அதை விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

ஆவணி ஒன்று. ராகு காலம் ஒன்பது முதல் பத்தரை. அது பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எட்டரைக்கே உட்கார்ந்தேன். உங்கள் அம்மா ஈரத்தலையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தேதியைப் போட்டேன். ஒரு ஆளுக்குப் பதினாறாயிரம் என்று காட்டியது.

தேதியை மாற்றிப் போட்டேன். அதேதான். போனை அணைத்து மறுபடியும் போட்டேன். உங்கள் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு ஒரு பெண் தமிழில் பேசினாள். மரியாதையான பெண்தான், அவளைக் குறை சொல்லமாட்டேன். இப்போது ஒரே அளவு என்பது கிடையாதாம். டிக்கெட் விலை ஏறினால் பாயிண்டும் ஏறுமாம். கடிதத்தில் தெரிவித்திருக்கிறார்களாம். பாயிண்டுக்கு எந்த நிலையான மதிப்பும் இல்லை என்று நான் கார்டு வாங்கும்போதே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். "இன்னும் பதிமூணாயிரத்துச் சொச்சம்தான் சார் குறையுது. இந்த மாசம் கொஞ்சம் அதிகமா செலவு பண்ணா போனஸ் பாயிண்ட்டும் வரும் சார்" என்றாள்.

அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தூண்டிலில் புழு மாட்டுகிறவனிடமே புழுவைக் காட்டுகிறார்கள்.

"அம்மா, நான் மீன்காரன். விலை ஏறுறது எனக்குப் புதுசு இல்ல. ஒரு போட்டு கரைக்கு வர்றதுக்குள்ள நாலு விலை மாறும். ஆனா ஏலம் எல்லாரும் பார்க்க நடக்கும். என் பேர்ல முடிஞ்சிட்டா, பின்னாடி வந்து எவன் எவ்வளவு கூட்டிச் சொன்னாலும் அந்த மீன் எனக்குத்தான். உங்க ஏலம் எங்கம்மா நடக்குது? நான் சேர்த்து முடிச்ச பிறகு, நான் இல்லாத இடத்துல நடக்குது" என்றேன்.

அவள், "உங்க கருத்தைப் பதிவு பண்ணிக்கிறேன் சார்" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். அவளும் எங்கேயோ ஒரு வாடகை வீட்டில் இருக்கிற பெண்ணாகத்தான் இருப்பாள். போனை வைத்துவிட்டேன்.

அடுத்து ஸ்டோர் பொறுப்பாளருக்குப் போட்டேன். யோசனை சொன்னவர் அவர்தானே. அவர் என்னைவிட நொந்து கிடந்தார். "எனக்கும் அதே கதைதான் அண்ணே. மூணு ராத்திரிக்குச் சேர்த்தேன். இப்ப ஒண்ணரை ராத்திரிக்குத்தான் வரும்னு காட்டுது" என்றார்.

"அரை ராத்திரி எப்படித் தம்பி தூங்குவ? நடுவுல எழுப்பி அனுப்பிடுவானா?" என்று கேட்டேன். அந்த எரிச்சலிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இன்னும் சேர்க்கப்போவதாகச் சொன்னார். விட்டால் சேர்த்ததெல்லாம் வீணாகிவிடுமே என்றார். நான் அப்படியே அடுப்படிப் பக்கம் போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். எனக்கும் அதே எண்ணம்தான் வந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு பேரிடம் கேட்டால் என்ன, அந்த என்ஜின் செலவு, இந்த ஃபீஸ் என்று ஓட்டினால் ஒருவேளை எட்டிவிடுமே. காசு கொடுத்து எடுக்கலாம் என்றால் இரண்டு மாசம் படுத்த வியாபாரம் அப்போதுதான் எழுந்து நின்றிருந்தது.

திரும்பி வந்தேன். உங்கள் அம்மா போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஒரு ஆளுக்குன்னா இருக்குதா?"

"ஒரு ஆளுக்கு இருக்குது. அதுல என்னா பண்றது?"

"அப்ப நான் போறேன்."

எனக்குப் புரியவில்லை. இவள் தனியாகக் கடலூருக்கு மேலே போனது கிடையாது. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. இந்தி தெரியாது. நான் கூட இல்லாமல் எப்படி என்று கேட்டேன்.

"நீங்க வந்து என்னா பண்ணப்போறீங்க? வளையல் போடப்போறது நான். நாலு ஓட்டல்காரன்கிட்ட மல்லுக்கட்டி மீன் காசு வாங்குறேன், ஒரு சீட்டுல போய் உக்கார மாட்டேனா?"

இரண்டு ஆள் போகவேண்டும் என்று கணக்குப் போட்டது யார்? நான்தான். அவள் ஒருநாளும் அப்படிக் கேட்டதே இல்லை. அவள் நேரத்துக்கு அங்கே போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். அந்தப் பதினெட்டாயிரத்தில் பாதி என்னுடைய பெருமைக்காகச் சேர்த்தது என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கம்பெனி அடித்ததைவிட அது பலமாக அடித்தது.

சரி என்றேன். உடனே பழைய புத்தி வந்துவிட்டது. காலண்டரைப் பார்த்தேன். மணி ஒன்பதே கால் ஆகிவிட்டிருந்தது. "ராகு காலம் பிறந்துடுச்சி. பத்தரை தாண்டட்டும், போட்டுடலாம்" என்றேன்.

உங்கள் அம்மா எழுந்து நின்றாள். கல்யாண மண்டபத்தில் சொல்லாமல் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தாள் போல.

"அவன் ராகு காலம் பார்த்தா ஏத்தினான்? நீங்க ஆடி போவட்டும்னு பார்த்தீங்க, அவன் பார்க்கல. பத்தரைக்குள்ள இன்னும் ஏத்தினா இந்த ஒண்ணும் போச்சி. போடுங்க இப்ப."

போட்டேன். அவள் பேரை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சுளையாகப் பதினாறாயிரத்தை எடுத்துக்கொண்டு, வரி என்று கொஞ்சம் காசும் பிடித்துக்கொண்டு, டிக்கெட் வந்தது. ஒன்பது இருபதுக்கு, நடு ராகு காலத்தில், உங்கள் அம்மாவுக்கு இரண்டாவது றெக்கையும் முளைத்தது.

மற்றது உங்களுக்குத் தெரியும். லாஸ்பேட்டை ஏர்போர்ட் வாசலில் நாம் நான்கு பேரும் நின்றோம். நம் மீன் வேனைப் பார்த்த காவலர், சரக்கு எங்கே இறக்கவேண்டும் என்று கேட்டார். "நான்தான் சரக்கு" என்று சொல்லிவிட்டு உங்கள் அம்மா இறங்கினாள். கண்ணாடி வளையல் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போனாளாம். பெல்ட் மாட்டத் தெரியாமல் பக்கத்து சீட்டுப் பெண்ணைக் கேட்டாளாம். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் முதல் தடவையாம். இரண்டு பேரும் சேர்ந்து மாட்டினார்களாம். மத்தியானம் போன் வந்தது. "வந்துட்டேங்க. நம்ம மார்க்கெட்டுல ஒரு கூடை விக்கிற நேரம்தான் ஆச்சி" என்றாள். இரண்டு நாள் கழித்து ஒரு போட்டோ வந்தது. சித்தி கையில் முதல் வளையல், போடுகிற கை உங்கள் அம்மாவுடையது. அன்றைக்கு மண்டபத்தில் சிரித்த அந்த மாப்பிள்ளை வீட்டு அம்மா பின்னால் எங்கேயோ மூன்றாவது வரிசையில் நிற்கிறாள்.

போட்டோ வந்த அன்றைக்கே கார்டுக்காரரிடமிருந்தும் ஒரு செய்தி வந்தது. மீதிப் பாயிண்ட் இருக்கிறது, இன்னும் சேர்த்தால் அடுத்த பயணம் பக்கத்தில்தான் என்று.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்கள் படித்துப் பெரிய வேலைக்குப் போவீர்கள். உங்களுக்கும் இதுபோலப் பாயிண்டு, பரிசு என்று நிறையக் காட்டுவார்கள். வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டேன். சேர்த்தால் உடனே செலவு பண்ணிவிடுங்கள். நீங்கள் எதற்காகச் சேர்த்தீர்களோ, அதை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் விலையை மாற்றலாம். எது நமக்கு வேண்டும் என்பதை அவர்கள் மாற்றமுடியாது. உங்கள் அம்மா அன்றைக்கு அதை என் முன்னால் செய்து காட்டினாள். இன்றைக்கும் யாராவது இன்னும் கொஞ்சம்தான் சார் குறையுது என்றால், ஈரத்தலையோடு எழுந்து நின்ற அவள்தான் எனக்கு ஞாபகம் வருகிறாள்.

ஒன்றை மட்டும் உங்களிடமும் அவளிடமும் சொல்லவில்லை. போட்டோ வந்ததற்கு அடுத்த சனிக்கிழமை ஓட்டலுக்கு மீன் போட்டுவிட்டு, வேனைக் கடற்கரைப் பக்கம் நிறுத்தி, கார்டை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். பேங்கின் நம்பரைத் தட்டி, இன்னும் கூப்பிடாமல் நிறுத்தி வைத்துவிட்டு மணி பார்த்தேன். எட்டு ஐம்பது. நல்ல நேரம் இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அது முடியும்வரை காத்திருந்து, ராகு காலம் பிறந்ததும், கார்டை மூடச் சொல்லிப் போன் போட்டேன்.