வீட்டில் ஆளில்லை

எங்கள் ஊர் டாம்பாவில் புயல் என்றதும் எல்லார் வாயிலும் ஒரே சொல்தான் வரும். "திரும்பிடும்." தொலைக்காட்சியில் வானிலைக்காரர் வளைகுடா முழுவதையும் சிவப்பாக்கிக் காட்டுவார். கடல் உள்ளே வந்தால் பாலங்கள் துண்டிக்கப்படும், பெரிய ஆஸ்பத்திரி தனித்தீவாக நிற்கும், கீழ்த்தெருக்களில் மாடிப்படி வரை தண்ணீர் ஏறும் என்று தொண்டை கட்டுகிறவரை சொல்வார். நாங்கள் காபியை உறிஞ்சிக்கொண்டே "திரும்பிடும்" என்போம். அதுவும் கடைசி நேரத்தில் திரும்பித் தொலைக்கும். அதனால் எங்களுக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. என் பக்கத்து வீட்டு சொரைதா அக்காவுக்கு அது இன்னும் ஒரு பிடி கூடுதல். அவளிடம் பலகை இருந்தது.

ஊருக்குள் பால்மெட்டோ பீச் என்பது எங்கள் பேட்டை; எங்கள் தெருவுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். அக்கா முன் ஜன்னல் வழியாக நண்டு உருண்டை விற்றாள். நண்டுச் சதையை மிளகாயும் தக்காளியும் போட்டு வதக்கி, பழைய ரொட்டியை ஊறவைத்துப் பிசைந்த மாவுக்குள் பொதிந்து பொரித்தது. துறைமுகத்தில் வேலை முடிந்து வருகிறவன் எவனும் அந்த ஜன்னலைத் தாண்டிப் போனதில்லை. கிரேன் ஓட்டிய எவெலியோ அண்ணனும் அப்படித்தான் ஒரு நாள் வந்து நின்றார். கொஞ்ச காலத்தில் ஜன்னலுக்கு உள்பக்கம் வந்துவிட்டார்.

எலெனா புயல் வந்தபோது ஜன்னல்களுக்கு அடிக்க அவர் பிளைவுட் பலகைகள் வாங்கிவந்தார். முன் ஜன்னல் பலகையில் சிவப்புப் பெயிண்டில் ஸ்பானிஷில் எழுதினார்: "எலெனா, வீட்டில் ஆளில்லை. அடுத்த ஊரைப் பார்."

உள்ளே தெருவே கூடியிருந்தது. கரண்ட் போனால் நண்டு கெட்டுவிடும் என்று அக்கா இருந்ததையெல்லாம் பொரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். டோமினோக் கட்டைகள் மேசையில் தடதடத்தன.

"பத்துப் பேர் உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கோம், இந்த மனுசன் வீட்டுல ஆளில்லன்னு எழுதி வச்சிருக்கான். பொய்யன்!" என்றாள் அக்கா.

"ஸ்பானிஷ்ல எழுதினா புயலுக்குப் புரியுமாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"என்ன நில்டா இப்படிக் கேட்டுட்ட? கியூபாப் பக்கமாத்தானே வருது. நம்மளவிட நல்லாப் பேசும்," என்றார் அண்ணன்.

எலெனா திரும்பியது. அன்றிலிருந்து பலகைக்கு மவுசு ஏறிப்போனது. ஒவ்வொரு புயலுக்கும் பழைய பெயரை அடித்துவிட்டு மேலே புதுப்பெயர் எழுதுவார். வாசகம் மட்டும் மாறாது. எங்கள் பிள்ளைகளெல்லாம் ஆளுக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டு அவர் எழுதுவதை வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. புயலுக்குக் காத்திருப்பது எங்களுக்கு ஒரு திருவிழாவாகவே இருந்தது. அந்த நாட்கள் எனக்கு மறுபடி வேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வேண்டும்.

ஒரே ஒரு முறைதான் வாசகம் மாறியது. சார்லி புயலும் எங்களை விட்டுவிட்டுத் தெற்கே திரும்பியது. நாங்கள் கைதட்டினோம். மறுநாள் போன் வந்தது. அது போய் விழுந்த ஊரில்தான் அக்காவின் தங்கை ஒர்த்தென்சியா இருந்தாள். உயிர் தப்பினாள், வீட்டுக்குக் கூரை இல்லை.

அக்கா அண்ணனை முற்றத்துக்கு இழுத்துவந்து பலகை முன்னால் நிறுத்தினாள். "அடுத்த ஊரப் பாருன்னு எழுதினியே, பாத்துடுச்சுய்யா. அடுத்த ஊர்ல ஆளு இல்லன்னு நெனச்சியா?"

அண்ணன் உள்ளே போனார். பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்தார். 'அடுத்த ஊரைப் பார்' என்பதை அடித்துவிட்டு, கீழே 'கடலோடு போ' என்று எழுதினார். எழுத்து கோணல்மாணலாக விழுந்திருந்தது.

அவர் கடைசியாக எழுதிய பெயர் இர்மா. அடுத்த புயல் காலத்துக்கு அவர் இல்லை. அதற்குப் பிறகு எந்தப் புயல் வந்தாலும் பலகை இர்மா பெயரோடுதான் ஜன்னலில் ஏறியது. நான் பெயரை மாற்றித் தருகிறேன் என்று பிரஷ்ஷோடு போனதற்கு, "அதுல கைய வச்சே, வெரல ஒடிச்சிடுவேன்," என்றாள் அக்கா. வானம் லேசாகக் கறுத்தாலே பலகையை ஏற்றிவிடுவாள். கடைக்கு வருகிறவர்கள் பக்கக் கதவைத் தட்டி உருண்டை வாங்கினார்கள். பலகை அவளுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று தெருவுக்கே தெரியும். யாரும் கேட்டதில்லை.

பிறகு ஹெலீன் வந்தது. அது எங்களைப் பார்த்தே வரவில்லை. தூரத்தில், நடுக்கடலோடு வடக்கே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் தண்ணீர் வரும், கிளம்புங்கள் என்று போலீஸ் வண்டி தெருத்தெருவாகக் கத்திப்போனது. என் தம்பி ராமிரோ பிராண்டனில் மேட்டுப்பக்கம் இருக்கிறான். வண்டியில் சாமான் ஏற்றிவிட்டு அக்காவைக் கூப்பிடப் போனேன். அவள் அடுப்பங்கரையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பச் சொல்றே? அது கடலோடதான் போகுது. உங்கண்ணன் எழுதினதுக்கு மரியாத குடுத்துப் போகுது."

"தண்ணி வரும்கிறாங்கக்கா."

"திரும்பிடும்."

"புயல் திரும்பும். தண்ணிக்கு யாரு சொல்றது?"

"நீ போ. அவரு எழுத்த ஜன்னல்ல விட்டுட்டு நான் எங்கயும் வர்றதா இல்ல."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. வாசலுக்குள் ஈரக்காற்று வர ஆரம்பித்திருந்தது. இவளை விட்டுவிட்டுப் போனால் நான் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்?

"அக்கா, அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?"

"ஏன், உனக்குக் கண்ணு தெரியலையா?"

"நீ சொல்லு."

"வீட்டுல ஆளில்லன்னு எழுதியிருக்கு."

"அப்ப இங்க நண்டு ஒடைக்கிறது யாரு?"

அவள் கை நின்றது.

"காலம் பூரா அவரப் பொய்யன் பொய்யன்னு தெருவுக்கே சொன்னது நீதான். இன்னிக்கு ஒரு நாள், அவர் எழுதினத நெசமாக்கிட்டு வா."

என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. அடுப்பை அணைத்தாள். நண்டுச் சட்டியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். தெருமுனை வரை திரும்பிப் பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தண்ணீர் வடிந்ததும் போனோம். பலகை அப்படியே இருந்தது. சேற்றுக்கோடு 'கடலோடு போ'வுக்குச் சற்றுக் கீழே வரை ஏறி நின்றிருந்தது. உள்ளே போக முடியவில்லை. அவள் கட்டில் மிதந்துவந்து கதவை அடைத்துக்கொண்டிருந்தது. அக்கா இடுக்கு வழியாக அந்தக் கட்டிலை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் வந்து, பாவாடை நுனியால் எழுத்தின் மேல் தெறித்திருந்த சேற்றைத் துடைத்தாள். பலகையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பிராண்டனுக்குத் திரும்பினோம்.

வீட்டுச் சேறு காய்வதற்குள் மில்டன் கிளம்பிவிட்டது. இந்த முறை படத்தில் நேராக எங்கள் வளைகுடாதான். ராமிரோ வீட்டில் தான் தங்கியிருந்த அறை ஜன்னலுக்கு அந்தப் பலகையையே அடிக்கச் சொன்னாள் அக்கா. அது ஜன்னலைவிடப் பெரிது. ராமிரோ முனகிக்கொண்டே டிரில்லோடு ஏணியில் ஏறினான்.

"எழுத்து உள்பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போடுப்பா," என்றாள் அக்கா.

"அப்புறம் புயல் எப்படிக்கா படிக்கும்?"

"புயலுக்கு எங்கடா படிக்கத் தெரியும்? நான் படிக்கணும்."

அவன் திருப்பிப் போட்டான். மில்டனும் தெற்கே திரும்பிப் போய் இன்னொரு ஊரில் விழுந்தது என்று ரேடியோ சொன்னது. நாங்கள் யாரும் கைதட்டவில்லை. அக்கா கட்டிலில் உட்கார்ந்து, எதிரே இருந்த பலகையை உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பொய்யன்," என்றாள்.